ஆபரேஷன் செய்த கண் மறுபடி மங்கினால்

பாலக்கோட்டிலிருந்து எழுதிய சகோ, அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து இரண்டு வருடத்தில் அதே கண் மறுபடி மங்குகிறது, லென்ஸ் காலாவதியாகிவிட்டதா, திரும்பக் கீறி மாற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். பதறாதீர்கள். உள்ளே வைக்கும் லென்ஸ் ஆயுள் முழுக்க இருப்பதற்காகச் செய்யப்படுவது.

பெரும்பாலும் நடப்பது வேறு. புரை விழுந்த லென்ஸை எடுக்கும்போது அதை மூடியிருந்த மெல்லிய சவ்வுப் பையை விட்டுவைத்து, அதற்குள்தான் செயற்கை லென்ஸைப் பொருத்துவார்கள். பையில் ஒட்டியிருக்கும் மிச்ச செல்கள் மெல்லப் பெருகிப் பின்சுவரில் படர்ந்தால், பனி படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பது போலாகிவிடும். இரவில் வண்டி விளக்கு கூசுகிறது என்று அவர் சொல்வதும் இதற்குப் பொருந்துகிறது. இதைச் சரிசெய்ய, யாக் (YAG) என்ற ஒருவகை லேசர் ஒளியால் அந்தச் சவ்வின் நடுவில் ஒரு திறப்பு உண்டாக்குவார்கள். கத்தி இல்லை, தையல் இல்லை, சில நிமிட வேலை.

ஆனால் சர்க்கரை இருக்கிறது என்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. சர்க்கரையால் கண்ணின் உட்புறம் பின்னால் இருக்கும் விழித்திரை கெட்டும் மங்கல் வரலாம். லேசருக்கு முன் அதைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம். அங்கே விழித்திரையைப் பார்க்கக் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை தெளியாது, அவரைத் தனியாக பஸ் ஏற்றி விடாதீர்கள். ஆபரேஷனில் தந்த லென்ஸ் அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.

அப்புறம், இப்போதோ லேசருக்குப் பிறகோ கண்ணில் மின்னல் வெட்டுவது, கரும்புள்ளிகள் திடீரென்று கூடுவது, திரை இறங்குவது போல் மறைப்பது என்று எது தெரிந்தாலும், அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.