ஓடித் தேய்ந்த என்ஜின் திடீரென்று மிஸ் அடித்தால்: திருகோணமலை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

உப்புவெளியிலிருந்து: அண்ணா, என்னுடையது 121 கொரோலா, 2 லட்சத்து 60 ஆயிரம் கிலோமீற்றர் ஓடியது. நேற்றுக் கந்தளாயிலிருந்து வரும் வழியில் திடீரென்று உதறத் தொடங்கியது. இழுவையே இல்லை. செக் என்ஜின் லைட் மின்னி மின்னி எரிந்தது. எப்படியோ வீடு வந்து சேர்ந்தேன். இனி என்ன செய்ய?

பதில்: தம்பி, இதுதான் மிஸ் அடிப்பது, அதாவது ஒரு சிலிண்டரில் பெற்றோல் எரியாமல் போவது. அந்த லைட் நிலையாக எரிந்தால் மெதுவாகக் கராஜ் வரை ஓட்டலாம். மின்னினால் ஓரம்கட்ட வேண்டும். எரியாத பெற்றோல், சைலன்சர் வழியில் புகையைச் சுத்தமாக்க இருக்கும் கட்டலிற்றிக் கொன்வேட்டருக்குள் போய்த்தான் எரியும். அந்தச் சூட்டில் உள்ளேயிருக்கும் தேன்கூடு போன்ற பகுதி உருகி அடைத்துக்கொண்டால், பிளக்குக்கு மின் கொடுக்கும் ஒரு கொயிலோடு முடிய வேண்டிய செலவு பல மடங்காகிவிடும்.

முதலில் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனரில் வரும் பழுதுக் குறியீடு பி0301 என்றால் மிஸ் 1ஆம் சிலிண்டரில், பி0303 என்றால் 3ஆம் சிலிண்டரில். பெல்ட் பக்கம் இருப்பதுதான் 1. உங்கள் காரில் ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் கொயில் இருப்பது பெரிய வசதி. பி0303 வந்தால் 3ஆம் கொயிலை 1க்கும், 1இன் கொயிலை 3க்கும் மாற்றிப் போட்டு, அந்தக் குறியீட்டை ஸ்கேனரில் அழித்துவிட்டு ஓட்டுங்கள். இப்போது பி0301 வந்தால் கொயில்தான் பழுது. பி0303 தானே திரும்ப வந்தால் பிளக்கை அப்படியே இடம் மாற்றிப் பாருங்கள், அதன் பிறகு பெற்றோல் தெளிக்கும் இன்ஜெக்டரை. இவ்வளவுக்கும் ஒரு சதம் செலவில்லை.

நேற்று வரை நன்றாக ஓடியதே என்று நினைப்பீர்கள். பிளக்கின் முனை நாளுக்கு நாள் தேய்கிறது. புதிதில் 1.1 மில்லிமீற்றர் அளவில் இருந்த இடைவெளி அகலும். அகல அகல, அதைத் தாண்டிப் பொறி பாய்ச்சக் கொயில் கூடுதல் வோல்ட் கொடுக்க வேண்டும். அழுத்தி மிதிக்கும்போது இன்னும் கூட. ஆண்டுக்கணக்காக அதைச் சுமந்த கொயில் ஒரு நாள் சூட்டில் உள்ளே உடைந்துவிடும். ஆகவே பழைய பிளக்கை விட்டுவிட்டுக் கொயிலை மட்டும் மாற்றாதீர்கள், புதியதும் அதே வழியில் போகும். பிளக் குழிக்குள் ஒயில் தேங்கியிருந்தால் என்ஜினின் மேல்மூடியான டெப்பட் கவரின் சீலையும் மாற்றிவிடுங்கள். ஒயிலில் ஊறிய கொயில் ரப்பர் பொறியை வெளியே கசியவிடும். என்ஜின் நன்றாக ஆறிய பிறகே பிளக்கில் கை வையுங்கள். சூட்டோடு கழற்றினால் அலுமினிய ஹெட்டின் மரை போய்விடும்.

கிண்ணியாவிலிருந்து: பிளக் நாலு, கொயில் நாலு, எல்லாம் புதுசு. ஆனாலும் பி0300 வருகிறது. நிற்கும்போது மட்டும் உதறும், ரேஸ் பண்ணினால் சரியாகிவிடும்.

பதில்: எட்டுச் சாமான் மாற்றிய பிறகு இதை எழுதியிருக்கிறீர்கள், வாசிக்கவே மனம் நோகிறது. நீங்கள் சொன்ன கடைசி வரியிலேயே விடை இருந்தது. பி0300 என்றால் மிஸ் ஒரு சிலிண்டரில் நிற்காமல் பலவற்றில் அடிக்கிறது. நான்கு கொயிலும் ஒரே நாளில் சாவது அரிது. நான்குக்கும் பொதுவானதைத் தேட வேண்டும்.

ஐட்லில், அதாவது நின்றபடி ஓடும்போது, காற்று உள்ளே போகும் மனிஃபோல்டின் உறிஞ்சல் பலமாக இருக்கும். எங்காவது ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தால், சென்சர் அளக்காத காற்று அந்த வழியாக நுழைந்து கலவையை மெலிதாக்கும். ரேஸ் பண்ணும்போது மொத்தக் காற்று பெருகுவதால் அந்தக் கசிவு ஒரு பொருட்டாகத் தெரியாது. ஸ்கேனரில் ஃபியூவல் ட்ரிம் பாருங்கள், கணினி பெற்றோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்று காட்டும் எண் அது. ஐட்லில் +15, +20 என்று நின்று, 2500 ஆர்பிஎம்மில் பூச்சியத்தை நோக்கி இறங்கினால் காற்றுக் கசிவுதான். என்ஜினுக்குள் சேரும் ஆவியை மனிஃபோல்டுக்குக் கொண்டுபோகும் பிசிவி ஹோஸின் அடிப்பக்கத்தை விரலால் வளைத்துப் பாருங்கள். ரப்பர் கண்ணுக்குத் தெரியாத பக்கத்திலும் வெடித்திருக்கலாம்.

டச்பேயிலிருந்து: கடற்கரை ஓரம் வீடு. மழை தொடங்கியதிலிருந்து காலையில் மட்டும் மிஸ் அடிக்கிறது, வெயில் ஏறினால் இல்லை. பழைய கார், பிளக் வயர் உள்ளது.

பதில்: அக்கா, வயரைப் பாருங்கள். இரவில், இருட்டில், பொனட்டைத் திறந்து என்ஜினை ஓடவிட்டு, வயர்களின் மேல் தூவல் போத்தலால் இலேசாகத் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். கசியும் இடத்தில் நீலப் பொறி ஓடும். கை மட்டும் வைக்க வேண்டாம். வயரைத் தனியாக அல்ல, செட்டாகவே மாற்றுங்கள். பற்றறியிலிருந்து காரின் பொடிக்கும் (உடலுக்கும்) என்ஜினுக்கும் போகும் எர்த் வயரின் நுனியையும் கழற்றிச் சுரண்டுங்கள். உப்புக் காற்று பச்சை பிடிக்க வைக்கும் இடம் அது.

மூதூரிலிருந்து: டொல்பின் வான், டீசல். பிளக்கே இல்லாத என்ஜின் மிஸ் அடிக்குமா?

பதில்: அடிக்கும். பழைய பம்ப் டைப் என்றால், ஐட்லில் ஓடும்போது இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாகச் சற்றுத் தளர்த்துங்கள். எதைத் தளர்த்தும்போது ஓட்டத்தில் மாற்றம் இல்லையோ, அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள், விரலைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். மிக உயர் அமுக்கத்தில் டீசல் போகும் புதுவகைக் கொமன் ரெயில் என்ஜினில் இதை ஒருபோதும் செய்யக்கூடாது. அந்த அமுக்கம் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

நிலாவெளியிலிருந்து: புதிதாகப் பெற்றோல் அடித்த பிறகு மிஸ். பெற்றோல் பிழையா?

பதில்: அடித்த சில கிலோமீற்றருக்குள் தொடங்கி, எல்லாச் சிலிண்டரும் தடுமாறினால் இருக்கலாம். கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிப் போத்தலில் விட்டு வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும்.

தம்பலகாமத்திலிருந்து: ஹயருக்கு ஓடும் கார், 3 லட்சம் தாண்டியது. 2ஆம் சிலிண்டரில் மிஸ். பிளக், கொயில், இன்ஜெக்டர் எல்லாம் இடம் மாற்றிப் பார்த்தாயிற்று. என்ஜின் முடிந்துவிட்டது, வேறு போடு என்கிறார்கள். அவ்வளவு காசுக்கு எங்கே போவேன்?

பதில்: ஐயா, கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அளவு, அளக்காமல் யாரும் அந்தத் தீர்ப்பைச் சொல்லக்கூடாது. நான்கு பிளக்கையும் கழற்றி, பெற்றோல் போவதை நிறுத்தி, அக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி அளக்கச் சொல்லுங்கள். 2 மட்டும் குறைவாக இருந்தால் அதற்குள் ஒரு தேக்கரண்டி என்ஜின் ஒயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். எண் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்வு. ஏறாவிட்டால் வால்வ், அல்லது ஹெட்டுக்குக் கீழே அடைப்பாக இருக்கும் ஹெட் காஸ்கட். வால்வ் கிளியரன்ஸ் (இடைவெளி) இறுகியிருந்தால் சரிக்கட்டினாலே போதும், என்ஜின் மாற்ற வேண்டியதில்லை.

இன்னொன்று: காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது ஒரு நிமிடம் உதறிவிட்டுச் சரியாகிறதா? ரேடியேற்றர் தண்ணீரும் கசிவு தெரியாமல் குறைகிறதா? அப்படியென்றால் இரவில் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்குகிறது, காஸ்கட் பக்கமே பாருங்கள், அதுவரை ஹயரை நிறுத்துங்கள். அளந்த ஐந்து எண்களையும், ஒயில் விடுமுன் நாலு, விட்டபின் 2ஆம் சிலிண்டரின் ஒன்று, எனக்கு எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.