வளைகோட்டுக்குச் சரிவு எவ்வளவு?

கேள்வி: தொட்டியில் பிடித்த மெட்ரோ வாட்டரில் குளோரின் குறைவதை மணிக்கொரு முறை அளந்து, ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் அடுக்குக்குறிச் சிதைவு வளைகோடு (முதலில் வேகமாகவும் போகப்போக மெதுவாகவும் இறங்கும் கோடு) பொருத்தினேன். 2 மணி நேரம் கழித்துச் சரிவு என்ன என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– கல்லூரி மாணவி, வேளச்சேரி

பதில்: சிதைவு மாறிலியையே (இருக்கும் அளவு எந்த விகிதத்தில் குறைகிறது என்று காட்டும் மாறாத எண்) சரிவு என்று எழுதிவிடாதீர்கள், பலர் தவறுவது இங்கேதான். நேர்கோட்டுக்குத்தான் ஒரே சரிவு. இதில் அது நொடிக்கு நொடி மாறும். அந்த நேரத்தில் வளைகோடு காட்டும் மதிப்பை மாறிலியால் பெருக்கி, முன்னால் கழித்தல் குறி போடுங்கள். தொடக்கம் லிட்டருக்கு 0.8 மில்லிகிராம், மாறிலி மணிக்கு 0.25 என்றால், 2 மணி நேரத்தில் மதிப்பு 0.485, சரிவு மணிக்கு −0.121. நீங்கள் அளந்த எண்ணை அல்ல, ஆரின் 'பிரெடிக்ட்' (predict) கட்டளை தரும் எண்ணைத்தான் பெருக்க வேண்டும். வளைகோடு பூஜ்ஜியத்துக்கு இறங்காமல் ஒரு மட்டத்தில் நிற்கும்படி பொருத்தியிருந்தால், அந்த மட்டத்தை முதலில் கழித்துவிடுங்கள்.

வளைகோடு பொருத்தும் 'என்எல்எஸ்' (nls) கட்டளை 'சிங்குலர் கிரேடியன்ட்' என்ற பிழைச்செய்தியோடு நின்றுபோனால், பெரும்பாலும் நீங்கள் கொடுத்த தொடக்க ஊகங்கள்தான் காரணம். அளவீடுகளுக்கு இயல் மடக்கை (log) எடுத்து 'எல்எம்' (lm) கட்டளை மூலம் நேர்கோடு பொருத்துங்கள். அதன் சரிவைக் குறி மாற்றினால் மாறிலிக்கு நல்ல ஊகம் கிடைக்கும். ஆனால் அதையே விடையாக்க வேண்டாம். மடக்கை, சிறிய அளவீடுகளின் பிழையைப் பெரிதாக்கிவிடும். பூஜ்ஜிய அளவீட்டுக்கோ மடக்கையே கிடையாது.