கேலரிக்கு ஒரு சட்டம், கண்ணாடி அறைக்கு ஒரு சட்டமா? கால்பந்து மைதானத்தில் மது: கேள்வி பதில்

வட சென்னையில் உள்ளூர்க் கால்பந்துப் போட்டிகளைப் பல ஆண்டுகள் நடத்தியவன் என்ற முறையிலும், பெரிய ஆட்டங்களின்போது வாயிலில் நின்று கூட்டத்தை உள்ளே அனுப்பிய அனுபவம் உள்ளவன் என்ற முறையிலும், மைதானத்துக்குள் ரசிகர்களுக்கு மது விற்கலாமா என்பது குறித்த கேள்விகளுக்குப் பதில் எழுதும்படி நண்பர்கள் கேட்டுக்கொண்டார்கள். வந்த கேள்விகளில் ஒரே பொருளைப் பேசியவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கொடுங்கையூரிலிருந்து ஒரு தம்பி: ஐயா, ஐரோப்பாவில் எல்லா மைதானங்களிலும் கையில் பீர் டம்ளரோடுதானே ஆட்டம் பார்க்கிறார்கள்? இங்கே மட்டும் ஏன் இவ்வளவு தயக்கம்?

எல்லா மைதானங்களிலும் என்பது சரியில்லை, தம்பி. தொலைக்காட்சியில் நாம் அதிகம் பார்க்கும் ஜெர்மனி ஆட்டங்களை வைத்து அப்படி ஓர் எண்ணம் வந்துவிட்டது. ஜெர்மனியில் இருக்கையிலேயே அமர்ந்து பீர் அருந்தலாம் என்பது உண்மை. பிரான்சில் 1991 ஆம் ஆண்டின் எவின் சட்டம் மைதானங்களில் மது விற்பதைத் தடுக்கிறது. குறிப்பிட்ட சில நாள்களுக்கு மட்டும் தற்காலிக அனுமதி பெறலாம். ஸ்காட்லாந்தில் 1980 முதல் பொது ரசிகர்களுக்கு மது கிடையாது. அந்த ஆண்டு மே 10 அன்று ஹாம்ப்டன் பார்க்கில் செல்டிக் அணியும் ரேஞ்சர்ஸ் அணியும் மோதிய கோப்பை இறுதியாட்டம் முடிந்ததும் இரு தரப்பு ரசிகர்களும் மைதானத்துக்குள் இறங்கி அடித்துக்கொண்டதன் விளைவு அது. அதே ஸ்காட்லாந்தில் ரக்பி ஆட்டத்துக்கு மரேஃபீல்டு மைதானத்தில் 2007 முதல் மது மீண்டும் அனுமதிக்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமை பெறும். ஆட்டத்தைப் பார்த்து, அதைப் பார்க்க வருபவர் யார் என்று பார்த்துச் சட்டம் போடும் பழக்கம் அங்கேயும் இருக்கிறது.

பெரம்பூரிலிருந்து, ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர்: இங்கிலாந்தின் சட்டம் என்ன சொல்கிறது? அதனால் கலவரம் குறைந்ததா?

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். ஆங்கிலேயக் கால்பந்துக்கு 1985 ஆம் ஆண்டு மிக மோசமான ஆண்டாக இருந்தது. மார்ச்சில் லூட்டனில் மில்வால் ரசிகர்கள் பெரும் கலவரம் செய்தார்கள். மே 11 அன்று பிராட்ஃபோர்டு மைதானத்தின் மரத்தாலான கேலரி எரிந்து 56 பேர் இறந்தார்கள். அதே மாதம் 29 அன்று பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் பாய்ந்து வந்ததில் சுவர் இடிந்து 39 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டே நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. ஆடுகளம் கண்ணில் படும் எந்த இடத்திலும், ஆட்டம் தொடங்குவதற்கு 2 மணி நேரம் முன்பிருந்து முடிந்த 1 மணி நேரம் வரை, ரசிகர் மது வைத்திருப்பதோ அருந்துவதோ குற்றம். குடிபோதையில் உள்ளே நுழைய முயல்வதும் குற்றம். ரசிகர்களை ஏற்றி வரும் வாடகைப் பேருந்திலும் சிறப்பு ரயிலிலும்கூட மது கூடாது.

ஆனால் கேலரிக்குப் பின்புறம், ஆடுகளம் தெரியாத நடைவழியில் விற்கலாம். இதனால் ஒரு விந்தையான காட்சி உருவானது. இடைவேளை 15 நிமிடம். அதற்குள் ஆயிரக்கணக்கானவர்கள் படியிறங்கி, வரிசையில் முண்டியடித்து, வாங்கியதை ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு மேலே ஓடுகிறார்கள். ஒரு மணி நேரத்தில் மெதுவாக அருந்தியிருக்க வேண்டியதை ஐந்து நிமிடத்தில் உள்ளே தள்ளுகிறார்கள். 2021 இல் முன்னாள் விளையாட்டுத் துறை அமைச்சர் டிரேசி கிரௌச் தலைமையில் நடந்த மறு ஆய்வு, கீழ்நிலைப் பிரிவுகளில் இருக்கையிலேயே அருந்தும் முறையைச் சோதித்துப் பார்க்கலாம் என்று பரிந்துரைத்தது.

கலவரம் குறைந்ததா என்றால், குறைந்தது. அதற்குத் தடைதான் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது. அதே காலத்தில் கண்காணிப்புக் கேமராக்கள் வந்தன. நின்று பார்க்கும் கேலரிகள் போய் இருக்கைகள் வந்தன. தகராறு செய்தவர்களை மைதானத்துக்கு வரவிடாமல் நீதிமன்றங்கள் தடை விதித்தன. நுழைவுச்சீட்டு விலையும் ஏறியது. இத்தனையும் ஒன்றாகச் சமைத்த குழம்பில் எந்தச் சுவை எந்தப் பொருளால் வந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

புது வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: மைதானத்தில் நடந்த பெரிய உயிரிழப்புகளுக்கெல்லாம் குடிதானே காரணமாகச் சொல்லப்படுகிறது?

சொல்லப்படுகிறது என்பதுதான் சரியான சொல். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில், லிவர்பூலும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டும் மோதிய அரையிறுதியில், நெரிசலில் சிக்கிப் பிற்பாடு இறந்தவர்களையும் சேர்த்து 97 பேர் உயிரிழந்தார்கள். அன்றே, குடித்துவிட்டு வந்த கும்பல் முண்டியடித்ததால் நேர்ந்தது என்று காவல்துறை தரப்பில் சொல்லப்பட்டது. இறந்தவர்களின் இரத்தத்தில் மது இருக்கிறதா என்று சோதித்தார்கள். அவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். விசாரணை நடத்திய நீதிபதி டெய்லரின் அறிக்கை, கூட்டத்தைக் காவல்துறை கட்டுப்படுத்தத் தவறியதே முதன்மைக் காரணம் என்று அதே ஆண்டு சொல்லிவிட்டது. ஆயினும் 2016 ஏப்ரலில்தான் விசாரணை மன்றத்தின் நடுவர் குழு (ஜூரி), அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்றும், ரசிகர்களின் நடத்தை அதற்குக் காரணமில்லை என்றும் தீர்ப்பளித்தது. அந்தக் குடும்பங்கள் 27 ஆண்டுகள் அந்தப் பழியைச் சுமந்தார்கள்.

இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் மைதானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 அக்டோபர் 1 அன்று 135 பேர் இறந்தார்கள். கூட்டத்தின்மீது கண்ணீர்ப்புகை வீசியதும், மக்கள் வெளியேற வேண்டிய வாயில்களில் அடைபட்டு நின்றதும்தான் அங்கே எமனாக வந்தன.

நான் இதை அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. வட சென்னையில் எது நடந்தாலும் "குடித்துவிட்டுத் தகராறு செய்தார்கள்" என்ற ஒரே வரியில் முடித்துவிடும் வழக்கம் நமக்குப் பழகிப்போனது. அந்த வரி எழுதப்பட்டதும், வாயில் எத்தனை அடி அகலம், எத்தனை பேருக்கு இடம், எத்தனை சீட்டு விற்றார்கள் என்ற கேள்விகளை யாரும் கேட்பதில்லை.

தண்டையார்பேட்டையிலிருந்து ஒருவர்: தமிழ்நாட்டில் இதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா?

அரசியலமைப்பின் 47 ஆவது பிரிவு மதுவிலக்கை நோக்கி அரசு முயல வேண்டும் என்கிறது. 2003 முதல் சில்லறை விற்பனையை டாஸ்மாக் நிறுவனமே நடத்துகிறது. இந்த இரண்டுக்கும் இடையில்தான் நாம் வாழ்கிறோம். 2023 ஏப்ரலில், சிறப்பு உரிமம் பெற்றுத் திருமண மண்டபங்கள், மாநாட்டு அரங்குகள், விளையாட்டு மைதானங்கள் போன்ற இடங்களில் மது பரிமாறலாம் என்ற விதித்திருத்தம் வெளியே தெரிந்ததும் கடும் எதிர்ப்பு எழுந்தது. திருமண மண்டபங்களுக்கு அனுமதி இல்லை, பன்னாட்டு விளையாட்டுப் போட்டிகள், மாநாடுகள் போன்றவற்றுக்கே இது பொருந்தும் என்று அரசு விளக்கியது. விவகாரம் உயர் நீதிமன்றத்துக்கும் சென்றது. மண்டபத்தைப் பற்றி நடந்த விவாதத்தில் பத்தில் ஒரு பங்குகூட மைதானத்தைப் பற்றி நடக்கவில்லை என்பது என் வருத்தம்.

காசிமேட்டிலிருந்து ஒருவர்: உலகக் கோப்பை என்றால் மட்டும் எல்லாச் சட்டமும் வளைந்துவிடுகிறதே, எப்படி?

பணம் வளைக்கிறது, ஐயா. பிரேசிலில் மைதானத்தில் மது தடை செய்யப்பட்டிருந்தது. 2014 உலகக் கோப்பைக்காக, பீர் நிறுவனம் முக்கிய விளம்பரதாரராக இருந்ததால், உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா விடாப்பிடியாக நின்றது. 2012 இல் தனிச் சட்டமே இயற்றி அனுமதித்தார்கள். ரஷ்யாவும் 2018 இல் தன் தடையைத் தளர்த்தியது. கத்தாரில் நேர்மாறாக நடந்தது. போட்டி தொடங்க இரண்டே நாள் இருந்தபோது, 2022 நவம்பர் 18 அன்று, மைதானங்களைச் சுற்றி பீர் விற்பனை இல்லை என்று அறிவித்தார்கள். ஆனால் பெரும் பணம் கொடுத்து வாங்கிய கண்ணாடி விருந்தினர் அறைகளில் மது தடையின்றிக் கிடைத்தது. என் வாதத்தின் அடித்தளமே இந்தக் கடைசி வாக்கியம்தான். கேலரியில் இருப்பவன் குடித்தால் ஒழுங்கு கெட்டுவிடும், கண்ணாடி அறையில் இருப்பவர் குடித்தால் விருந்தோம்பல் என்றால், அந்தச் சட்டம் மதுவை அளக்கவில்லை, சட்டைப்பையை அளக்கிறது. இங்கிலாந்துச் சட்டம் இந்த ஒரு விஷயத்தில் ஓரளவு நேர்மையானது. ஆடுகளம் தெரியும் தனி அறைகளிலும், ஆட்டத்துக்கு 15 நிமிடம் முன்பிருந்து முடிந்த 15 நிமிடம் வரை மது அருந்தக் கூடாது.

ராயபுரத்திலிருந்து ஒரு சகோதரி: என் மகள் கால்பந்து ஆடுகிறாள். மது வந்தால் நான் அவளை ஆட்டம் பார்க்க அழைத்துப் போக முடியுமா?

உங்கள் கேள்விக்கு ஆய்வு எதுவும் தேவையில்லை, அம்மா. மதுக்கடை இருக்கும் பக்கம் போகாமல் சுற்றிப் போகும் பெண்கள் நிறைந்த தெருக்களில்தான் நாம் இருக்கிறோம். வியாசர்பாடியைக் குட்டி பிரேசில் என்று அழைக்கிறார்கள். தனபால் கணேஷ் போன்றவர்கள் அந்தத் தெருக்களிலிருந்து இந்திய அணி வரை போனார்கள். அங்கே பிள்ளைகளைக் கால்பந்தின் பக்கம் திருப்பிய பயிற்சியாளர்களின் முதல் நோக்கம் கோப்பை வாங்குவதன்று, பிள்ளைகளைக் குடியிடமிருந்தும் தெருச்சண்டையிடமிருந்தும் விலக்கி வைப்பது. தகப்பனின் குடியால் வீட்டில் இருக்க முடியாமல் மைதானத்துக்கு ஓடி வந்த பையன்களை நானே கண்டிருக்கிறேன். அவர்கள் ஒதுங்க வந்த இடத்துக்கே அதைக் கொண்டுவந்து விற்பது எனக்கு ஒப்பவில்லை.

எண்ணூரிலிருந்து ஒரு சங்க நிர்வாகி: எங்களுக்குப் பந்து வாங்கவே பணமில்லை. விற்பனையில் பங்கு கிடைத்தால் சங்கங்கள் பிழைக்குமே?

உங்கள் நெருக்கடி எனக்குத் தெரியும். கொல்கத்தாவில் 1998 இல் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய இரு சங்கங்களிலும் ஒரே மது நிறுவனம் முதலீடு செய்து, மெக்டவல் மோகன் பகான், கிங்ஃபிஷர் ஈஸ்ட் பெங்கால் என்று பெயரே மாறியது. நெடுங்காலப் பகை கொண்ட இரு சங்கங்களுக்கும் ஒரே வீட்டிலிருந்து சோறு வந்தது. மதுப்பணம் இந்தியக் கால்பந்துக்குள் நுழைந்து வெகு காலம் ஆகிவிட்டது. ஆனால் மைதானத்தில் விற்றால் லாபம் உரிமம் எடுத்தவருக்குப் போகும். எண்ணூர்ச் சங்கத்துக்குப் பந்து வராது.

பட்டாளத்திலிருந்து ஒருவர்: பாட்டிலுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் டம்ளரில் கொடுத்தால் ஆபத்து குறையாதா?

குறையும். ஜெர்மனியில் டம்ளருக்கு முன்பணம் வாங்கி, திருப்பித் தரும்போது கொடுக்கிறார்கள். அதனால் வீசுவது குறைகிறது, குப்பையும் குறைகிறது. தண்ணீருக்கும் குளிர்பானத்துக்கும் இதை நாம் நாளையே செய்யலாம்.

திருவொற்றியூரிலிருந்து ஒரு தம்பி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். விற்கலாமா, கூடாதா?

நம் ஊர் மைதானங்களில் விற்கக் கூடாது. கேலரியிலும் கூடாது, கண்ணாடி அறையிலும் கூடாது. பெரியமேடு நேரு விளையாட்டரங்கில் நடக்கும் லீக் ஆட்டமானாலும், நாளை வரக்கூடிய பன்னாட்டு ஆட்டமானாலும் எனக்கு இதே பதில்தான்.

ஆனால் விற்காமல் இருந்துவிட்டால் பாதுகாப்பு வந்துவிடும் என்று நம்புபவர்களோடு நான் சேர மாட்டேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு உள்ளூர் இறுதியாட்டத்தில், வாயிலில் எல்லோரையும் தடவிச் சோதித்துத்தான் உள்ளே விட்டோம். இடைவேளையில் மதில் இடிந்திருந்த இடம் வழியாக ஐம்பது அறுபது பேர் வெளியேறி, பக்கத்துக் கடையில் மூவருக்கு ஒரு குவார்ட்டர் என்று தண்ணீர்கூடச் சரியாகக் கலக்காமல் விழுங்கிவிட்டு, இரண்டாம் பாதி தொடங்கி ஐந்து நிமிடத்தில் அதே வழியாகத் திரும்பினார்கள். பத்து நிமிடத்துக்குப் பின் கோட்டு நடுவரின் தலையில் கல் விழுந்தது. வாயிலில் நாங்கள் பட்ட பாடு அத்தனையும் அந்த மதில் ஓட்டை வழியே போயிற்று. 2021 இல் வெம்ப்ளியில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்திலும் பகல் முழுவதும் வெளியே குடித்த கூட்டம்தான், சீட்டு இல்லாமலே வாயில்களை உடைத்துக்கொண்டு நுழைந்தது.

ஓட்டேரியிலிருந்து, போட்டி நடத்தும் இளைஞர்கள்: குடித்துவிட்டு வாயிலுக்கு வருபவரை அடிதடி இல்லாமல் எப்படித் திருப்பி அனுப்புவது?

அவரோடு பேசாதீர்கள், அவரோடு வந்தவர்களில் தெளிவாக இருப்பவரோடு பேசுங்கள். "அண்ணனை வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் வாருங்கள், உங்கள் இடத்தை வைத்திருக்கிறோம்" என்று சொல்லி, சொன்னபடி இடத்தை வைத்திருங்கள். வண்டியில் வந்திருந்தால் சாவியை நண்பரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். வாயிலில் நிற்பவர் அதே பகுதியைச் சேர்ந்த, வயதில் மூத்த ஒருவராக இருக்கட்டும். சீருடை போட்ட அந்நியர் கையைப் பிடித்தால் வரும் கோபம், மாமா என்று கூப்பிடப் பழகிய ஒருவர் தோளில் கை வைத்தால் வராது. ஆட்டத்துக்கு முதல் நாளே மைதானத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து, மதிலில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்த்து, அங்கே இரண்டு பேரை நிறுத்திவிடுங்கள்.