கர்ப்பத்தில் ரத்தப்போக்கு: அரிதான காரணங்கள், கேள்வி பதில்

கேள்வி: ஏழாம் மாதம். ஸ்கேனில் ‘வாசா ப்ரீவியா’ என்று எழுதியிருக்கிறது. ஆபத்தா, மேடம்?

பதில்: தொப்புள்கொடிக்குள் பத்திரமாக ஓட வேண்டிய குழந்தையின் ரத்தக்குழாய்கள், உங்களுக்கு வெறும் சவ்வின் மேல், கருப்பை வாய்க்குக் குறுக்கே ஓடுகின்றன. சுமார் 2,500 கர்ப்பங்களில் ஒன்றில் இப்படி அமையும். பனிக்குடம் உடையும்போது அந்தக் குழாயும் கிழிந்தால், போவது உங்கள் ரத்தம் இல்லை, குழந்தையுடையது. மூன்று கிலோ குழந்தையின் உடம்பில் மொத்தமே ஒரு பெரிய டம்ளர் ரத்தம்தான், 250 மில்லி சொச்சம். பனிக்குடத் தண்ணீர் சிவப்பாக வந்து பிரசவ வார்டே ஓடிய இரவை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் வலி வரும்வரை விடாமல், பெரும்பாலும் 34 முதல் 37 வாரத்துக்குள் சிசேரியன் செய்துவிடுகிறார்கள்.

முன்பே தெரிந்தது உங்கள் பாக்கியம். 2004இல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்கேனிலேயே கண்டுபிடித்தபோது 97 சதவீதக் குழந்தைகள் பிழைத்தன. தெரியாமல் போனபோது 44 சதவீதம்தான். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போகிற எண்ணம் இருந்தால், டாக்டரிடம் கேட்காமல் கிளம்பாதீர்கள். பச்சிளங்குழந்தைக்கான ஐசியு பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

கேள்வி: மனைவிக்குப் பத்து வாரம். பழுப்பாகப் படுகிறது, ஓயாத வாந்தி. ‘முத்துப்பிள்ளை’ என்கிறார்கள்.

பதில்: நச்சுக்கொடித் திசு திராட்சைக் கொத்துபோல நீர்க்கொப்புளங்களாகப் பெருகிவிடுவதுதான் முத்துப்பிள்ளை, தம்பி. முழு முத்துப்பிள்ளையில் குழந்தை உருவாவதே இல்லை. உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். ஆனால் அதோடு முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். கர்ப்ப ஹார்மோனை அளக்கும் பீட்டா எச்சிஜி ரத்தப் பரிசோதனையை டாக்டர் சொல்கிறவரை விடாமல் செய்யுங்கள். அளவு இறங்காமல் நின்றால் புற்றாக மாறியிருக்கலாம். அப்போதும் மருந்திலேயே பெரும்பாலும் முழுதாகக் குணமாகும். டாக்டர் சொல்கிறவரை அடுத்த கர்ப்பம் வேண்டாம். அப்புறம், வீட்டில் யாராவது “பப்பாளி தின்றாள், அதனால்தான்” என்று பேசினால் நீங்களே நிறுத்துங்கள். அந்தப் பெண் எந்தத் தப்பும் செய்யவில்லை.

கேள்வி: உறவுக்குப் பிறகு மட்டும் இரண்டு சொட்டு. கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

பதில்: கூச்சப்படாதீர்கள். கர்ப்பத்தில் கருப்பை வாய் மென்மையாகி லேசில் கசியும். சிலருக்குச் சிறு சதை வளர்ச்சி இருக்கும். மிக அரிதாகக் கருப்பை வாய்ப் புற்று. நச்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறதா என்று முதலில் ஸ்கேன், பிறகு கருவி வைத்துக் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை உறவு வேண்டாம்.

கேள்வி: ஐந்தாம் மாதம், ஓ நெகட்டிவ். காலையில் ரத்தம் பட்டது, நின்றுவிட்டது. நாளைக்குப் போகலாமா?

பதில்: இன்றே போங்கள். கணவர் பாசிட்டிவ் என்றால், குழந்தையின் ரத்தத்துக்கு எதிராக உங்கள் உடம்பு எதிர்ப்புப்பொருள் உண்டாக்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி தேவைப்படலாம், அதை ரத்தம் பட்டதிலிருந்து 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். ரத்தப் பிரிவு எழுதிய அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.