வெள்ளைக்காரர்கள் இனவெறிக்கு எதிராக என்னதான் செய்ய வேண்டும்? கேட்டதும் சொன்னதும்

அமெரிக்க வரலாறு படித்தவள், மினியாபொலிஸ் பக்கம் பல வருஷம் இருந்தவள் என்பதால் 2020 மே 25-ல் அங்கே ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பர் போலீஸ் கையில் கொல்லப்பட்டதிலிருந்து இந்த விஷயமாக என்னிடம் கேட்பவர்கள் அதிகம். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். சிலது நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, என் கூடப் படிக்கும் வெள்ளைக்காரப் பையன், "என் தாத்தா 1950-ல்தான் போலந்திலிருந்து வந்தார், நாங்கள் யாரையும் அடிமையாக வைத்திருந்ததில்லை, நான் எதற்குப் பொறுப்பு?" என்கிறான். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. (ஒஹாயோவில் எம்.எஸ். படிக்கும் மாணவர்)

கேள்வி நியாயம்தான் தம்பி. அடிமை முறைக்கு அவனை யாரும் குற்றவாளி ஆக்கவில்லை. ஆனால் தாத்தா வந்து இறங்கிய காலத்தில் அந்த ஊரில் வீட்டுக்கடன் யாருக்குக் கிடைத்தது என்று அவனைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். 1930-களில் அரசாங்கமே நகர வரைபடங்களை எடுத்துவைத்து, கறுப்பர்கள் வாழும் பகுதிகளுக்குச் சிவப்பு அடித்து, இங்கே கடன் கொடுப்பது ஆபத்து என்று குறித்தது. 1934-ல் வந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகமும் அதே போக்கில் புறநகரில் வெள்ளையர் வாங்கும் வீட்டுக்குக் கடன் உத்தரவாதம் கொடுத்தது, சிவப்புப் பகுதிகளை ஒதுக்கியது. போருக்குப் போய் வந்த வீரர்களுக்கென்று 1944-ல் ஒரு சட்டம் வந்தது. காகிதத்தில் எல்லா வீரர்களுக்கும் பொதுதான். ஆனால் 1947-ல் மிசிசிப்பி மாநிலத்தில் 13 நகரங்களைப் பார்த்தபோது, அந்தச் சட்டத்தின் கீழ் உத்தரவாதம் பெற்ற 3,200-க்கு மேற்பட்ட கடன்களில் கறுப்பின வீரர்களுக்குப் போனது இரண்டே இரண்டு.

அந்த வீடுகளின் விலை ஏறியது, அதை வைத்துப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனார்கள், சிலர் கடை போட்டார்கள். 2022-ல் அமெரிக்க மத்திய வங்கி எடுத்த கணக்கின்படி சொத்து வரிசையில் சரியாக நடுவில் நிற்கும் வெள்ளைக் குடும்பத்தின் நிகரச் சொத்து 2,85,000 டாலர், கறுப்புக் குடும்பத்துக்கு 44,900. உங்கள் நண்பன் தப்பு எதுவும் செய்யவில்லை, சரி. அந்த வீடு அவன் கைக்கு வந்தால் அதோடு சேர்ந்து வரும் கணக்கையும் பார்க்கத்தான் வேண்டும்.

எங்கள் ஆபீஸில் இனவெறி பற்றிப் பயிற்சி வகுப்பு ஒன்று நடந்தது. முடிந்ததும் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி அழுதுகொண்டே டீமில் இருக்கும் ஒரே கறுப்பினப் பையனிடம் போய் மன்னிப்புக் கேட்டார். அவன் பாவம், நெளிந்துகொண்டே நின்றான். சுயபரிசோதனை என்பது இதுதானா? (டாலஸிலிருந்து ஒருவர்)

இல்லைங்க. அந்தப் பையனுக்கு அன்றைக்குக் கூடுதலாக ஒரு வேலை வந்துவிட்டது, அவரைச் சமாதானப்படுத்துவது.

சுயபரிசோதனை என்றால் எனக்கு நினைவுக்கு வருவது ஆன் பிரேடன்தான். 1924-ல் பிறந்து அலபாமாவில் வளர்ந்த வெள்ளைக்காரப் பெண், பத்திரிகையாளர். 1940-களில் பர்மிங்காம் நீதிமன்றச் செய்திகளை எழுதிக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலைச் சாப்பாட்டின்போது கூட இருந்தவர் இன்றைக்கு என்ன செய்தி என்று கேட்க, "ஒன்றுமில்லை, ஒரு கறுப்பர் கொலை, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டார். அவருடைய பத்திரிகை ஆசிரியர்களுக்கு அது செய்தியே கிடையாது. பக்கத்தில் காபி ஊற்றிக்கொண்டிருந்த கறுப்பினப் பெண்ணின் கை நடுங்கியதைப் பார்த்தார். எழுந்துபோய் மன்னிப்புக் கேட்கலாமா என்று தோன்றியிருக்கிறது, பிறகு எது செய்தி எது செய்தி இல்லை என்று தனக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்ற யோசனை வந்திருக்கிறது. இதைப் பிற்பாடு அவரே எழுதியிருக்கிறார். கவனித்துப் பாருங்கள், அவர் யோசித்தது தன் மனசு நல்லதா கெட்டதா என்று மட்டுமில்லை. நான் எந்த ஏற்பாட்டுக்குள் நின்று வேலை பார்க்கிறேன், அதில் என் கை எங்கே இருக்கிறது என்றும் யோசித்தார். உங்கள் சக ஊழியர் தொடங்க வேண்டிய இடமும் அதுதான். யாரை வேலைக்குச் சிபாரிசு செய்கிறேன், மீட்டிங்கில் யார் பேச்சை நடுவில் வெட்டுகிறேன், போன வருஷம் பதவி உயர்வுப் பட்டியலைப் பார்த்துவிட்டு ஏன் வாயைத் திறக்கவில்லை. இதற்கெல்லாம் அந்தப் பையன் தேவையே இல்லை.

சரி, யோசித்தாச்சு. அப்புறம் செயல் என்றால் என்ன? ஊர்வலம் போவதா? (சென்னையிலிருந்து ஒரு வாசகி)

போகலாம், தப்பில்லை. ஆனால் பிரேடன் கதையின் மீதியைக் கேளுங்கள். 1954-ல் ஆன்னும் கணவர் கார்லும் கென்டக்கி மாநிலம் லூயிவில்லில் இருந்தார்கள். ஆண்ட்ரூ வேட் என்ற கறுப்பர், போருக்குப் போய் வந்தவர், மின்வேலை ஒப்பந்தக்காரர், வெள்ளையர் புறநகரில் வீடு வாங்கப் பார்த்தார். விற்பார் யாருமில்லை. அவர் கேட்டுக்கொண்டதால் பிரேடன் தம்பதி தங்கள் பெயரில் வாங்கி அவருக்கு மாற்றிக் கொடுத்தார்கள். வேட் குடும்பம் குடிபோனதும் ஜன்னலில் கல், பக்கத்துக் காலிமனையில் எரியும் சிலுவை (வெள்ளை இனவெறியர்களின் மிரட்டல் அடையாளம்), துப்பாக்கிச்சூடு, ஜூன் மாதம் வீட்டுக்கு வெடி வைத்தார்கள். நல்ல வேளை, யாருக்கும் காயமில்லை. வெடி வைத்தவர்கள் எவரும் தண்டிக்கப்படவில்லை. வீடு வாங்கிக் கொடுத்த கார்ல் பிரேடன்மேல் தேசத்துரோக வழக்கு! கம்யூனிஸ்ட் சதி என்றார்கள். 15 வருஷத் தண்டனை, வேலையும் போச்சு, சில மாதம் சிறையில் இருந்தார், பிறகு தீர்ப்பு ரத்தானது. வேட் குடும்பம் அந்த வீட்டில் நிலைத்து வாழ முடியவே இல்லை, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்றைக்கு அந்த அளவு விலை யாரும் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஏதோ ஒரு விலை இருக்கும். அதிகம் போனால் உறவினர் முகம் சுளிப்பார், மேலாளர் முறைப்பார். என் கண்ணில் முக்கியமான இடம் நகராட்சிக் கூட்டம். பல அமெரிக்க நகரங்களில் குடியிருப்பு நிலத்தின் பெரும்பகுதியில் தனி வீடு மட்டும்தான் கட்டலாம் என்று விதி வைத்திருப்பார்கள், அடுக்குமாடி வாடகைக் குடியிருப்பு வரவே முடியாது, அப்போது யார் உள்ளே வர முடியாது என்பது தானாகவே முடிவாகிவிடும். மினியாபொலிஸ் 2018 டிசம்பரில் அந்த விதியை நீக்கும் திட்டத்தை ஏற்றபோது எதிர்ப்பு பலமாக இருந்தது. வாசலில் 'கறுப்பர் உயிரும் உயிரே' பலகை, கூட்டத்தில் 'எங்கள் தெருவில் அடுக்குமாடி வேண்டாம்' என்ற பேச்சு. இரண்டையும் ஒரே ஆளிடம் பார்க்கலாம்.

2020-ல் கறுப்பர்களுக்கு ஆதரவு என்று எல்லோரும் இன்ஸ்டாகிராமில் கறுப்புச் சதுரம் போட்டார்களே, அது?

ஜூன் 2-ஆம் தேதி. போராட்டச் செய்திகளுக்கான ஹேஷ்டேக் முழுக்கக் கறுப்புச் சதுரமாக நிரம்பி, தேவையான தகவல் கீழே போய்விட்டது என்று போராடியவர்களே கெஞ்ச வேண்டி வந்தது. வேறென்ன சொல்ல.

வெள்ளையாகப் பிறந்ததே சலுகை என்கிறார்களே, ஏழை வெள்ளைக்காரனுக்கு என்ன சலுகை மேடம்? அவனே தினக்கூலி. அவனிடம் போய் இதைப் பேசினால் அடிக்க வர மாட்டானா? (திருப்பூரிலிருந்து)

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். வகுப்பறைப் பாஷையில் பேசினால் அடிக்கத்தான் வருவான். 1960-களில் மாணவர் போராட்ட அமைப்பான எஸ்.என்.சி.சி., வெள்ளைத் தோழர்களிடம், நீங்கள் கறுப்பர் குடியிருப்பில் வந்து வேலை செய்தது போதும், இனவெறி உங்கள் ஆட்களிடம் இருக்கிறது, அங்கே போய் வேலை செய்யுங்கள் என்றது. பலருக்கு மனசு உடைந்தது. பாப் ஜெல்னர் போனார். அலபாமாக்கார வெள்ளையர், கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலில் இருந்து விலகிய போதகரின் மகன். அவரும் கூட இருந்தவர்களும் மிசிசிப்பியில் காகித ஆலைகளுக்கு மரம் வெட்டிக் கொடுக்கும் தொழிலாளிகளிடம் போனார்கள், வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மாதிரி சுரண்டப்பட்ட தொழில் அது. மரத்தை அளக்கும் முறையை மாற்றிக் காசைக் குறைத்தபோது 1971-ல் இரு தரப்பும் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தது. அதில் நின்ற வெள்ளையரில் முன்னாள் க்ளான் ஆட்களும் உண்டு. அவர்களிடம் யாரும் 'உன் சலுகையை ஒத்துக்கொள்' என்று தொடங்கவில்லை. கூலியில் தொடங்கினார்கள், அது அங்கேயே நிற்கவும் இல்லை.

கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸே ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் நீ செய்ய ஒன்றுமில்லை என்றாராமே. பிறகு எதற்கு இந்தப் பாடு?

சொன்னார். ஒரு கல்லூரி மாணவி நான் என்ன செய்யலாம் என்று கேட்க, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். பின்னாளில் அதற்காக வருந்தியிருக்கிறார். நேர்மையான வெள்ளையர்கள் தங்கள் சொந்த மக்களிடையே போய் வேலை செய்யட்டும் என்பதுதான் அவருடைய கடைசிக்கால நிலை. மார்ட்டின் லூதர் கிங் 1963-ல் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில், க்ளான் ஆளைவிட, நீதியைவிட அமைதியே பெரிதென்று நினைக்கும் மிதவாத வெள்ளையர்தான் பெரிய முட்டுக்கட்டையோ என்று வருந்தியிருப்பார். அதே கடிதத்தில் விதிவிலக்கான வெள்ளையர் சிலரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார், அதில் ஆன் பிரேடனும் உண்டு.

இது வெள்ளைக்காரர்களுக்கும் கறுப்பர்களுக்கும் உள்ள விவகாரம். நமக்கென்ன? (நியூ ஜெர்சியிலிருந்து)

உங்களை உள்ளே விட்ட 1965 குடியேற்றச் சட்டம், கறுப்பர்களின் சிவில் உரிமைப் போராட்டம் உண்டாக்கிய சூழலில் வந்தது. அதற்கு முன் இனம் பார்த்துக் குடியுரிமை கொடுத்த காலமும் இருந்தது. 1923-ல் பகத் சிங் திண்ட் என்பவர், நான் உயர்சாதி, ஆரியன், அதனால் வெள்ளையன், குடியுரிமை கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றார். எனக்கு அந்த வாதத்தைப் படிக்கும்போதெல்லாம் கூச்சமாக இருக்கும். அந்தச் சட்டங்களின் அநியாயத்தை விட்டுவிட்டு, நானும் மேலே இருப்பவன்தான் என்று கேட்கிறார். நம் ஆட்கள் சாதியையும் பெட்டியில் கொண்டுபோனதால்தான் 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்ய வேண்டி வந்தது. 'நான் சாதி பார்ப்பதில்லை' என்று சொல்லும் நம் மாமாவுக்கும் 'நான் நிறம் பார்ப்பதில்லை' என்று சொல்லும் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரருக்கும் ஒரே கேள்விதான்: கல்யாணம், வாடகை, வேலை என்று வரும்போது என்ன செய்தீர்கள்?

மினசோட்டாவில் வீடு வாங்கியிருக்கிறோம். பழைய பத்திரங்களில் இன்ன இனத்தாருக்கு விற்கக்கூடாது என்ற இனத்தடை வாசகங்கள் இருக்கும் என்கிறார்களே, எப்படிப் பார்ப்பது?

இருக்கும். மினியாபொலிஸில் 1910-லேயே தொடங்கிவிட்டது, சீனர், ஜப்பானியர், துருக்கியர், கறுப்பர் யாருக்கும் இந்த மனையை விற்கக்கூடாது, வாடகைக்கும் விடக்கூடாது என்று எழுதியிருப்பார்கள். 1948-ல் உச்ச நீதிமன்றம் இவற்றை நீதிமன்றங்கள் அமல்படுத்தக்கூடாது என்றது, 1968 சட்டம் வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் பாகுபாட்டையே தடைசெய்தது, வாசகம் மட்டும் பத்திரத்தில் அப்படியே கிடக்கிறது. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் மேப்பிங் பிரெஜுடிஸ் திட்டத்தில் தன்னார்வலர்கள் பழைய பத்திரங்களைப் படித்து வரைபடமாகவே போட்டிருக்கிறார்கள், உங்கள் தெருவைத் தேடிப் பாருங்கள். இருந்தால், 2019 மாநிலச் சட்டப்படி கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) பதிவு அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்து அதை மறுக்கலாம். பழைய வாசகம் அழியாது, நீங்கள் மறுத்ததும் ஆவணத்தில் ஏறும். சில நகரங்களில் இதற்கு இலவசமாக வக்கீல் உதவியும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொல்லுங்கள், பெரும்பாலும் மனைப்பிரிவு முழுவதற்கும் சேர்த்தே இந்த வாசகத்தை எழுதியிருப்பார்கள் என்பதால் அவர் பத்திரத்திலும் இருக்க வாய்ப்பு அதிகம்.