கணினி கேள்வி–பதில்: ஒரு லைன், ஆறு மடிக்கணினி

(கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம். கட்டளை அடிக்கும் திரையான டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். தனியாகச் சொல்லாத இடத்தில் எல்லாமே சிறிய எழுத்து.)

கேள்வி: சுங்கை சிப்புட் டவுனில் கடைவீட்டு மாடியில் டியூஷன் மையம் நடத்துகிறோம். உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்) போட்ட கணினி ஒன்றுதான் ஃபைபர் பெட்டி வழியாக பிபிபிஓஇ முறையில் (பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் முறை) டயல் செய்கிறது. அதன் இரண்டாவது நெட்வொர்க் கார்டிலிருந்து 8 போர்ட் சுவிட்ச், அதில் ஆறு பழைய விண்டோஸ் மடிக்கணினிகள். உபுண்டுவில் எல்லாத் தளமும் திறக்கிறது. மடிக்கணினிகளில் கூகுள் வருகிறது. சில தளங்கள் மட்டும் பாதியில் நின்று சுற்றிக்கொண்டே இருக்கின்றன. வைரஸாக இருக்குமா ஐயா?

பதில்: வைரஸ் இல்லை. பாக்கெட்டின், அதாவது தகவலைப் பிரித்து அனுப்பும் சிறு பொதியின், அளவில் வந்த கோளாறு. ஈதர்நெட் கேபிளில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை போகும். பிபிபிஓஇ அதில் 8 பைட்டைத் தனக்கு எடுத்துக்கொள்வதால் உங்கள் லைனுக்கு மிஞ்சுவது 1492. டயல் செய்கிற உபுண்டுவுக்கு இது தெரியும், அதனால் அதில் எல்லாம் திறக்கிறது. சுவிட்சுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மடிக்கணினிக்குத் தெரியாது. தன் கேபிள் 1500 தாங்கும் என்று நம்பி, எதிரே உள்ள தளத்திடம் 1460 பைட்டாக அனுப்பச் சொல்கிறது. தலைப்புக்கு 40 பைட் சேர்ந்தால் சரியாக 1500. அது லைனுக்குள் நுழைய முடியாமல் விழுந்துவிடுகிறது. ‘பெரிதாக இருக்கிறது, குறைத்து அனுப்பு’ என்ற ஐசிஎம்பி (நெட்வொர்க் பிழையைத் தெரிவிக்கும்) தகவல் திரும்பிப் போய்ச் சேர்ந்தால் தளமே அளவைக் குறைத்துக்கொள்ளும். பல இடங்களில் ஃபயர்வால் அந்தத் தகவலைத் தடுத்துவிடுகிறது. கூகுள் மட்டும் எப்படி வருகிறது என்றால், குரோம் அதனோடு பெரும்பாலும் குவிக் என்ற வேறு முறையில் பேசுகிறது. அந்தப் பாக்கெட்டுகள் சிறியவை.

உறுதி செய்துகொள்ள, ஒரு மடிக்கணினியில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ‘பிங் -எஃப் -எல் 1472 1.1.1.1’ என்று அடியுங்கள். துண்டாக்க வேண்டும் என்ற பிழை வரும், அல்லது பதிலே வராது. அடுத்து 1472க்குப் பதில் 1464 போடுங்கள். அது போய் வந்தால் நோய் இதுதான்: பிங்கின் தலைப்பு 28 பைட், 1464 + 28 = 1492. 1464ம் போகவில்லை என்றால் பத்துப் பத்தாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். அப்படியானால் வழியில் விபிஎன் மாதிரி, பாக்கெட்டை மேலும் பொதிந்து அனுப்பும் இன்னொரு சுரங்கம் இருக்கலாம்.

ஆறு மடிக்கணினியிலும் போய் எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவை) மாற்ற வேண்டாம். நாளைக்கு ஏழாவது ஒன்று வந்தால் மறுபடி அதே கதை. உபுண்டுவில் ஒரே வரி போதும்:

சூடோ ஐபிடேபிள்ஸ் -டி மேங்கிள் -ஏ ஃபார்வர்டு -பி டிசிபி --டிசிபி-ஃபிளாக்ஸ் சின்,ஆர்எஸ்டி சின் -ஜே டிசிபிஎம்எஸ்எஸ் --கிளாம்ப்-எம்எஸ்எஸ்-டு-பிஎம்டியூ

இதில் -ஏ, ஃபார்வர்டு, சின், ஆர்எஸ்டி, டிசிபிஎம்எஸ்எஸ் ஐந்தும் பெரிய எழுத்து. -டி என்பது ‘டேபிள்’ என்பதன் முதல் எழுத்து, -பி என்பது ‘புரோட்டோகால்’ என்பதன் முதல் எழுத்து. மடிக்கணினி கேட்கும் 1460ஐ உபுண்டு வழியிலேயே 1452 என்று திருத்தி அனுப்பிவிடும். கணினியை அணைத்துப் போட்டால் இந்த விதி போய்விடும். ஆகவே இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜரின் ‘டிஸ்பேட்சர்.டி’ ஃபோல்டரில் சிறு ஷெல் ஸ்கிரிப்டாக (கட்டளை எழுதிய கோப்பாக) வையுங்கள். ஸ்கிரிப்ட் ரூட் (கணினி நிர்வாகி) பெயரில், இயங்கும் அனுமதியோடு, மற்றவர் திருத்த முடியாதபடி இருக்க வேண்டும். இல்லையென்றால் நெட்வொர்க் மேனேஜர் அதைச் சீண்டாது.

கேள்வி: பாடாங் செராயில் வீட்டு மேசைக் கணினியில் லினக்ஸ் மின்ட். இன்டர்நெட்டை ‘மற்ற கணினிகளுடன் பகிர்’ என்று போட்டு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. பாதுகாப்புக்காக ஃபயர்வாலை முடுக்கினேன். அன்றிலிருந்து தம்பியின் மடிக்கணினிக்கு 169.254 என்று தொடங்கும் எண்தான் வருகிறது.

பதில்: முகவரி கேட்டு யாரும் கொடுக்காதபோது கணினி தானே சூட்டிக்கொள்ளும் எண் அது. பகிர்வு சரியாக இருந்தால் உங்கள் கணினி 10.42.0.1 ஆகவும் மடிக்கணினி 10.42.0 வரிசையில் இன்னொரு எண்ணாகவும் இருக்கும். ஃபயர்வாலில் உள்ளே வருவதை மூடியபோது முகவரி கேட்கும் யுடிபி 67ம் தளத்தின் பெயருக்கு எண் கேட்கும் 53ம் சேர்ந்து மூடிக்கொண்டன (இவை போர்ட் என்ற வாசல் எண்கள்; யுடிபி, டிசிபி இரண்டும் தகவல் அனுப்பும் முறைகள்). மடிக்கணினி மாட்டியிருக்கும் கார்டுக்கு மட்டும் அவற்றைத் திறங்கள்; 53ஐ யுடிபி, டிசிபி இரண்டிலும். இன்டர்நெட் வரும் கார்டில் கை வைக்காதீர்கள்.

பிறகு மடிக்கணினியிலிருந்து முதலில் 10.42.0.1ஐ, அடுத்து 1.1.1.1ஐ, கடைசியில் ஏதாவது ஒரு தளத்தின் பெயரை பிங் செய்யுங்கள். முதலாவது வந்து இரண்டாவது நின்றால், ஒரு கார்டிலிருந்து மறு கார்டுக்குக் கடத்துவதை ஃபயர்வால் தடுக்கிறது. ‘யூஎஃப்டபிள்யூ ரூட் அலவ்’ என்ற ஃபயர்வால் கட்டளையால் (இங்கே ‘ரூட்’ என்றால் பாதை, நிர்வாகி அல்ல) அந்தப் பாதையைத் திறக்க வேண்டும். எண்கள் இரண்டும் வந்து பெயர் மட்டும் நின்றால் 53 இன்னும் மூடித்தான் இருக்கிறது.

பகிர்வு இணைப்பே எழும்பாமல் விழுந்தால் அது வேறு கோளாறு. முகவரியும் பெயரும் வழங்கும் முழு டிஎன்எஸ்மாஸ்க் சேவையை யாராவது தனியாக நிறுவி, அது 53ஐப் பிடித்துக்கொண்டிருக்கும். அதை நிறுத்துங்கள். பகிர்வுக்கு ‘டிஎன்எஸ்மாஸ்க்-பேஸ்’ போதும்.

கேள்வி: எங்கள் வீட்டு லைனை எதிர் லயத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கும் கொண்டுபோக 120 மீட்டர் கேட்-5இ கேபிள் இழுத்தோம். இணைப்பு வந்து வந்து போகிறது.

பதில்: செம்புக் கேபிளுக்கு எல்லை 100 மீட்டர். ‘எத்டூல்’ கட்டளையோடு கார்டின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள்; வேகம் 1000 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 100க்கோ 10க்கோ இறங்கியிருக்கலாம். தூரத்தைவிட இடிதான் பயம். நம் ஊர் மழைக்கு, இரண்டு வீட்டுக்கு நடுவே வெட்டவெளியில் தொங்கும் செம்பு இரு பக்கக் கார்டையும் சேர்த்துச் சுட்டுவிடும். உலோகக் கம்பி இல்லாத ஃபைபர் கேபிளும் இரு முனையிலும் ஒரு மீடியா கன்வெர்ட்டரும் (ஃபைபரைச் செம்புக் கேபிளோடு இணைக்கும் பெட்டி) போடுங்கள்.

கேள்வி: பழைய யுஎஸ்பி மோடத்தைச் செருகினால் லினக்ஸில் சிடி டிரைவாகத் தெரிகிறது.

பதில்: ‘யுஎஸ்பி-மோட்ஸ்விட்ச்’ நிறுவினால் மோடமாக மாறும். ஆனால் அது 3ஜி மட்டும் பிடிக்கும் மோடமா என்று முதலில் பாருங்கள். மலேசியாவில் 3ஜி 2021 இறுதியோடு மூடப்பட்டது.