பார்க்காமல் போட்ட கையெழுத்து

கேள்வி: மணலியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சோதிக்காத வால்வுகளுக்கும் 'சரி' என்று டிக் அடிக்கச் சொல்கிறார் மேலாளர். என்ன செய்வது?
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: போடாதேம்மா. பட்டறையில் இருந்தபோது கிரேன் சங்கிலியைப் பார்க்காமலே ஒருநாள் நான் கையெழுத்துப் போட்டேன். ஷிப்ட் முடிகிற அவசரம், வேறு காரணமில்லை. மறுநாள் சங்கிலி அறுந்து, கூட வேலை செய்த பையனுக்கு இரண்டு கால்விரல் போயிற்று. இன்றும் அவன் முகத்தைப் பார்க்கக் கூசுகிறது.

'சரி' என்று சொல்லிவிட்டால் மட்டும் சரியாகிவிடாது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்தருகே இரண்டு கப்பல்கள் மோதின. பெரிய பாதிப்பில்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். பிறகு எர்ணாவூர் கரையில் வாளி வாளியாக எண்ணெய்ச் சேற்றை அள்ள வேண்டியதாயிற்று.

பார்க்காத வால்வுக்கு நேரே 'பார்க்கவில்லை' என்றே எழுதித் தேதி போடு. மேலாளர் மறுத்தால், உத்தரவை எழுத்தில் கேள். அதற்கும் மசியாவிட்டால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு எழுது.